ஓடுபாதையில் கட்டிய பன்றிகள்

எங்கள் யாந்துமா மலையூரில் சமமான இடம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. மற்றதெல்லாம் சரிவு. கிழங்குத் தோட்டம் சரிவு, காப்பித் தோட்டம் சரிவு, வீடு சரிவு, சர்ச் சரிவு. பிணத்தைப் புதைத்தால்கூடக் கால்மாட்டில் கல்லை முட்டுக்கொடுத்துத்தான் புதைக்க வேண்டும். அந்த ஒரு சமமான இடத்தையும் கடவுள் கொடுக்கவில்லை. எங்கள் அப்பன்மார் மலையின் தோளைச் சீவிச் சீவி, மண்ணைப் பையில் சுமந்து கொட்டி உண்டாக்கினார்கள். விமானம் இறங்குவதற்காக. அதுவும் முழுச் சமம் இல்லை. ஒரு முனை தூக்கியிருக்கும், மறுமுனைக்கு அப்பால் பள்ளத்தாக்கு. ஆனாலும் எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

விமானம் வந்தால் உப்பு வரும், சோப்பு வரும், மீன் டப்பா வரும். போகும்போது காப்பி மூட்டை போகும், பிரசவத்தில் மாட்டிக்கொண்டவள் போவாள். நடந்து போகலாமே என்று கேட்கிறவர்கள் ஒருமுறை வந்து நடந்து பார்க்கட்டும். கீழே ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிமாய்க்காரர்கள். அவர்களுக்கு அப்பால்தான் லாரி வரும் சாலை. அவர்களுக்கும் எங்களுக்கும் பழைய கொலைப்பகை. ஆற்றின் மேலிருந்த கொடிப்பாலத்தை ஒருமுறை அவர்கள் வெட்டினார்கள், ஒருமுறை நாங்கள் வெட்டினோம். பிறகு அதைக் கட்டுவாரில்லை.

என் மகள் டோர்கா விமானத்தில் போய் மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தவள். என் காப்பிச் செடிகள்தான் அவளைப் படிக்க வைத்தன, அவள் அப்பா இல்லை. படிப்பு முடிந்து ஊருக்கு வந்ததும், பூட்டிக் கிடந்த மருந்துக் குடிசையின் வாசலைத்தான் முதலில் கூட்டினாள். எங்களுக்கு இருந்த ஒரே நர்ஸ் விடுமுறைக்குப் போனவர், போனவர்தான். அதற்குப் பிறகு பிரசவத்தில் செத்தவர்களில் என் கணவரின் அண்ணன் மனைவியும் ஒருத்தி. டோர்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். கடற்கரை ஊரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, அடுத்த விமானத்தில் அனுப்புங்கள் என்று பாஸ்டர் ஹெசேக்கியா ரேடியோவில் கேட்டு வந்து சொன்னபோது, அவள் சிரிக்கக்கூட இல்லை. நேராகப் போய் மருந்துக் குடிசையின் பூட்டுக்குப் பன்றிக் கொழுப்புத் தடவினாள். "நான் திரும்பி வர்றதுக்குள்ள துருப்பிடிச்சுடக் கூடாதும்மா" என்றாள்.

என் கணவரின் அண்ணன் பெயர் கமுனா. மரியாதையாக 'அவர்' என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. ஓடுபாதையில் கீழ்ப்பாதி தன் அப்பனுடைய நிலம் என்பது அவனுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் ஞாபகத்தில் இருக்கும். மனைவி ஞாபகத்தில் அவ்வளவு நேரம் இருந்தாளா, தெரியாது. அவள் செத்த பிறகு அவள் வளர்த்த பெட்டைப் பன்றிக்குட்டியை நான்தான் வளர்த்தேன். கருமூஞ்சி என்று பெயர். எங்களிடம் பன்றி ஆணுக்குச் சொந்தம், கிழங்கு தோண்டிப் போடுவது பெண். கருமூஞ்சி குட்டியாக இருந்தபோது காய்ச்சல் வந்து என் அடுப்போரம்தான் படுத்துக் கிடந்தது. கமுனா அதற்கு ஒரு கிழங்குத் தோல்கூடப் போட்டதில்லை.

விமானம் வரும் நாளில் எல்லாரும் பன்றியைக் கட்டிவிட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அன்று காலை நான் கருமூஞ்சியை வேலிக்குப் பின்னால் கட்டினேன். கமுனா வந்து அவிழ்த்துவிட்டான்.

"என்னத்தான், பிளேன் வர்ற நேரத்துல அவுக்குறீங்க?"

"என் பன்னி என் மண்ணுல மேயுறதுக்கு நான் பிளேன்காரன்கிட்ட உத்தரவு வாங்கணுமா? அவன் என் மண்ணுல வந்து இறங்குறானே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கானா?"

"அதுக்கு இன்னைக்கா அவுக்கணும்? பொண்ணு போற நாளும் அதுவுமா..."

"நீ போய் உன் பொண்ணுக்குத் தலை சீவிவிடு."

டோர்காவைக் காப்பி மூட்டை நிறுக்கும் தராசுத் தட்டில் ஏற்றி எடை பார்த்துக்கொண்டிருந்தார் பாஸ்டர். விமானத்தில் ஏறுகிற எவரையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். என் கையால் பின்னிய புது நூல்பையைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டிருந்தாள். அப்போதுதான் விமானம் வந்தது. பள்ளத்தாக்கிலிருந்து எழும்பி, சக்கரம் புல்லைத் தொட்ட அதே நொடியில், ஓரச் சாக்கடைக்குள்ளிருந்து கருமூஞ்சி குறுக்கே ஓடியது. சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விமானம் ஒரு பக்கமாக வழுக்கிப்போய் நின்றது. பன்றி கிடந்தது.

பைலட் லேவி இறங்கி வந்தான். கடற்கரைத் தீவுக்காரப் பையன், வாய் நிறைய வெற்றிலைச் சிவப்பு, யாரைப் பார்த்தாலும் அண்ணே என்பான். அவன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சுவிடுவதற்குள், கமுனா ஒரு மரக்கட்டையை உருட்டிவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டுவிட்டான். அவன் பின்னால் ஊர் ஆண்கள் எல்லாரும் கோடாலியோடு நின்றார்கள். காப்பி மூட்டை தூக்க வந்தவர்கள்தான்.

"அண்ணே, பன்னி ஓடுபாதைக்கு வரக் கூடாதுண்ணே. அது உங்களுக்கே தெரியும்" என்றான் லேவி.

"பன்னிக்கு அது தெரியாதே தம்பி. நீ படிச்சவன், நீ பாத்து ஓட்டியிருக்கலாம்ல?"

"நிறுத்த முடியாதுண்ணே அந்த வேகத்துல. சரி, என்ன விலை சொல்லுங்க. கம்பெனியில பேசி வாங்கித் தரேன்."

"காசா? காசு கரைஞ்சு போயிடும். பன்னிக்குப் பன்னிதான் ஈடு. உயிரோட வேணும். செத்தது சினைப்பன்னி. அதனால வர்றதும் சினையா இருக்கணும்."

லேவி சிரித்துவிட்டான். "பிளேன்ல பன்னியாண்ணே?"

"ஏன், போன தடவ பாஸ்டருக்குக் கோழி வரல? பன்னின்னா மட்டும் உன் பிளேன் மூக்கப் பொத்திக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கட்டையை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. மேலே மேகம் கூட ஆரம்பித்தது. மதியத்துக்கு மேல் எங்கள் மலையில் மேகம் மூடினால் எந்த விமானமும் கிளம்ப முடியாது. அது லேவிக்குத் தெரியும், கமுனாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். பேசிப் பேசி நேரத்தைக் கடத்தினான். கடைசியில் லேவி, "சரிண்ணே, கொண்டுவரேன், கண்டிப்பா கொண்டுவரேன்" என்றான்.

கமுனா வேலியோரம் இருந்த சிவப்பு இலைச் செடியில் இரண்டு நீள இலைகளைக் கிழித்தான். இரண்டிலும் ஒரே மாதிரி முடிச்சுகள் போட்டு, ஒன்றை லேவி கையில் கொடுத்தான். தினம் காலையில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழ்கிற நாளில் சொன்ன பொருளோடு வந்து நிற்க வேண்டும். எங்கள் மலையில் அந்த இலையைக் கையில் வாங்கிவிட்டு வராமல் போனவன் கிடையாது. கொலைகாரன்கூட வந்திருக்கிறான். லேவி அதைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டான். ஏதோ பூங்கொத்து என்று நினைத்திருப்பான். இலை உள்ளே போனதும் ஆண்கள் கட்டையை உருட்டினார்கள், முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

"ஏறு தங்கச்சி, மேகம் மூடறதுக்குள்ள கிளம்பணும்" என்று டோர்காவைக் கூப்பிட்டான் லேவி.

அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான் பார்த்தேன். கமுனா குறுக்கே கையை நீட்டினான்.

"இவ எங்க போறா? ஈடு வந்து சேர்ற வரைக்கும் அவன் கையால நம்ம வம்சத்துல ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி வாங்கக் கூடாது. அவன் பிளேன்ல நம்ம பொண்ணு உக்காந்துட்டுப் போவாளா? மேலே போனதும் ரத்தம் கக்கினா யாரு பதில் சொல்றது?"

"பெரியப்பா, நான் இதெல்லாம் நம்பல" என்றாள் டோர்கா.

"நீ நம்ப வேண்டாம். நீ படிச்சவ. பகை உன்னை நம்பும்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகமில்லை, அந்தப் பன்றிக்குக் கிழங்கு போட்டவள் நான், எனக்கு ஈடு வேண்டாம், பெண்ணை விடு என்று கத்தியிருப்பேன். கமுனா என்னைப் பார்க்கக்கூட இல்லை, தம்பியைப் பார்த்தான். என் கணவர் ஒபாய் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். டோர்காவும் அவரைத்தான் பார்த்தாள்.

"அண்ணன் சொல்றாரு..." என்றார் அவர். அவருடைய வாழ்க்கையில் எல்லா வாக்கியமும் அங்கேயே நின்றுவிடும்.

டோர்கா காலைப் படியிலிருந்து எடுத்தாள். "அடுத்த தடவ ஏத்திக்கிறேன் தங்கச்சி" என்றான் லேவி. விமானம் கீழ்நோக்கி ஓடி, பள்ளத்தாக்கில் விழுவதுபோல் இறங்கி, எழும்பி, மேகத்துக்குள் போனது.

அன்று சாயங்காலம் கருமூஞ்சியைக் குழியடுப்பில் வைத்துச் சுடுகல் போட்டு மூடினார்கள். வயிற்றை அறுத்தது நான்தான். உள்ளே குட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"அத்தான், உங்க சினையப் பாருங்க" என்று காட்டினேன்.

அவன் எட்டிப் பார்த்தான். "இனிமேதான் ஆகியிருக்கும். ஆகாமலா போயிருக்கும்?" என்றான். ஊரே தலையாட்டியது. என் பங்கு இறைச்சியை நான் நாய்க்கு வீசினேன். என் கணவர் நாய்க்கு முந்திக் கையை நீட்டி எடுத்துக்கொண்டார்.

மறுநாளே விமானப் பன்றிக்குக் கொட்டில் கட்டத் தொடங்கினார்கள். நல்ல காட்டு மரத்தில் கால், இரட்டை வேலி, புதுப் புல்லில் கூரை. மருந்துக் குடிசையின் கூரை ஒழுகுகிறது, ஒரு கை கொடுங்கள் என்று டோர்கா வருஷம் முழுக்கக் கேட்டும் வராத ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். கொட்டில் என் வீட்டைவிட நன்றாக வந்தது. டோர்கா வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு ஓடுபாதைப் புல்லை வெட்டப் போனாள். கையில் கொப்புளம் வெடித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினாள். கமுனா தினம் காலையில் இலை முடிச்சை ஊரறிய அவிழ்த்தான். கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. அன்று எல்லாரும் குளித்து இறகு செருகிக்கொண்டு ஓடுபாதையோரம் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் வரவில்லை.

"மேகமா இருக்கும்" என்றான் கமுனா. வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை.

பிறகு பாஸ்டர் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார். பேட்டரி செத்துக்கொண்டிருந்த ரேடியோ. விமானக் கம்பெனிக்காரன் சொன்னது இதுதான். விமானத்தைக் கட்டை போட்டு மறித்த ஊருக்கு இனி விமானம் கிடையாது. நிலத்துக்காரரே பேசட்டும், இனிமேல் யாரும் மறிக்க மாட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பார்க்கலாம்.

நான் கமுனாவிடம் ஓடினேன். "அத்தான், ஒரு வார்த்தை. உங்களுக்குப் பன்னிதானே வேணும்? என்கிட்ட ஒரு பெட்டை இருக்கு, நான் பொறந்த வீட்டுல குடுத்தது. அதப் பிடிச்சுக்கங்க. பிளேன்காரன் குடுத்த மாதிரி நெனச்சுக்கங்க."

அவனுக்கு உண்மையாகவே ரோஷம் வந்துவிட்டது. "தம்பி பொண்டாட்டிகிட்ட ஈடு வாங்கினான்னு ஊர் சிரிக்கணுமா? நான் என்ன அவ்வளவு கேடுகெட்டவனா?" என்றான். ஆனால் மைக்கில் பேசச் சம்மதித்தான். டோர்கா சொல்லிக்கொடுத்தாள். "வாங்க, யாரும் மறிக்க மாட்டோம். இவ்வளவுதான் பெரியப்பா. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

"எனக்குப் பேசத் தெரியாதா?"

அவன் தலையில் இறகைச் செருகிக்கொண்டு வந்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தான். சபையில் பேசுகிற தோரணையில் தொண்டையைக் கனைத்தான். முதலில் தன் தாத்தா பெயரைச் சொன்னான். பிறகு அப்பன் பெயர். பிறகு மலையைச் சீவியவர்கள் பெயரெல்லாம். பாஸ்டர் பேட்டரியைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "விஷயத்துக்கு வாங்க, விஷயத்துக்கு வாங்க" என்று கெஞ்சினார். டோர்கா தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கமுனா விஷயத்துக்கு வந்தான்.

"நாங்க நல்லவங்க. வாங்க. யாரும் மறிக்க மாட்டோம்" என்றான். என் உயிர் திரும்பி வந்தது. "ஆனா இலையக் கையில வாங்கினவன் வெறுங்கையோட வந்தா அது நல்லா இருக்காது. பன்னி நல்ல சாதிப் பன்னியா இருக்கட்டும். காது பெரிசா பாத்து..."

ரேடியோ கிர்ரென்றது. பேட்டரி தீர்ந்ததா, அந்தப் பக்கம் வைத்துவிட்டானா, இன்றுவரை தெரியாது. கமுனா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். "நல்லாப் பேசினேன்ல?" என்று என் கணவரிடம் கேட்டான். "நல்லாப் பேசினீங்கண்ணே" என்றார் அவர்.

படிப்பு தொடங்கும் நாள் வந்தது, போனது. டோர்கா புல் வெட்டுவதை நிறுத்தினாள். ஓடுபாதையின் கீழ்முனையில் சும்மாதானே கிடக்கிறது என்று முதல் கிழங்குக் கொடியை நட்டவனும் கமுனாதான். காப்பிக்கொட்டை மூட்டையிலேயே பூசணம் பிடித்தது. சோப்பு போயிற்று, மண்ணெண்ணெய் போயிற்று, கடைசியில் உப்பும் போயிற்று. உப்பில்லாத கிழங்கைத் தின்னத் தின்ன ஆண்களுக்கு யோசனை வந்தது. சிமாய்க்காரர்களோடு சமாதானம் ஆனால் அவர்கள் வழியாகச் சாலைக்குப் போகலாமே. இவ்வளவு வருஷம் வராத யோசனை. சமாதானம் என்றால் பாலம் கட்ட வேண்டும், பாலம் கட்டினால் அதன் வழியாக ஒரு பெண் போக வேண்டும். அப்போதுதான் பகை அறும். சிமாய்க்காரர்கள் பெண்ணைப் பெயர் சொல்லியே கேட்டார்கள். படித்த பெண் வேண்டும், கடைக்குக் கணக்குப் பார்ப்பாள். மாப்பிள்ளை சாலையோரம் கடை வைத்திருக்கிற, மனைவி செத்த ஆள். நல்லவன் என்றார்கள். பார்த்தேன். வயது இருந்தது, பல் இல்லை.

"முடியாது" என்றேன்.

"ஊருக்கு உப்பு வேணுமா வேண்டாமா?" என்றான் கமுனா.

"உங்க ஒரு பன்னியால போன உப்பு அது. என் பொண்ணக் குடுத்தா வாங்கணும்?"

"பன்னிய நானா கொன்னேன்? கொன்னவன் பிளேன்காரன். அவனக் கேளு."

டோர்கா அடுப்போரம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா முடியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா நான் போக மாட்டேன். யாரு வந்து இழுத்தாலும் போக மாட்டேன்" என்றாள். அவள் அப்பா அங்கேதான் இருந்தார். கிழங்கை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்.

பாலம் கட்டி முடித்ததும் முதலில் அதில் போன எங்கள் ஆள் பாஸ்டர் ஹெசேக்கியா. அவர் பயந்த மனிதர், ஆனாலும் போனார். சாலையில் லாரி பிடித்துக் கடற்கரை ஊருக்குப் போய், விமானக் கம்பெனியிலும் நர்ஸ் பள்ளியிலும் நேரில் நின்று பேசிவிட்டு, கால் வீங்கித் திரும்பி வந்தார். சர்ச்சில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

"இந்த வாரத்துல ஒரு நாள் பிளேன் வரும். மேலேருந்து பாப்பாங்க. ஓடுபாதை சுத்தமா இருந்தா இறங்குவாங்க. எதையாவது பாத்தாங்க, அதோட நம்ம ஊர மறந்துடுவாங்க. டோர்காவுக்கு அடுத்த வகுப்புல இடம் வெச்சிருக்காங்க. இந்த பிளேன்ல வந்தா சேத்துக்குறோம்னு சொன்னாங்க. சிமாய்க்காரன் தனக்குக் கேட்ட பொண்ணத் தன் சாலையில போக விட மாட்டான், பிளேன்தான் வழி."

அன்றைக்கே நானும் டோர்காவும் கிழங்குக் கொடியைப் பிடுங்கினோம். பாதி ஓடுபாதையை வெட்டினோம். கொப்புளம் வெடித்த அதே கை. அவள் பல நாள் கழித்துப் பாடினாள். மறுநாள் காலை சிமாய்க்காரர்கள் பன்றிகளை ஓட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார்கள். பெண்ணுக்குப் பரிசமாகக் கொடுக்கும் பன்றிகளை வரிசையாக முளையடித்துக் கட்டி ஊரறியக் காட்ட வேண்டும். வரிசை நேராக இருக்க வேண்டும். சமமான இடம் வேண்டும்.

"ஓடுபாதையில வேண்டாம் அத்தான்! உங்க காலப் பிடிக்கிறேன். இந்த வாரம் மட்டும் தள்ளிப் போடுங்க."

"வந்த பன்னிங்க தினம் நம்ம கிழங்கத் திங்குது. சிமாய்க்காரன் எத்தன நாள் இங்க உக்காந்திருப்பான்? சரிவுல கட்டினா முளையப் பிடுங்கிட்டு உருண்டு போயிடும். பிளேன் சத்தம் கேட்டா அவுத்துட்டாப் போச்சு. இதுக்குப் போய்..."

பாஸ்டர் கையைப் பிசைந்தார். அதற்கு மேல் அவரால் ஆகவில்லை.

கல்யாணத்தன்று டோர்கா உடம்பு முழுக்கப் பன்றிக் கொழுப்பு மின்ன, கழுத்தில் சங்குத் தட்டு தொங்க, நீண்ட இறகுகளின் கீழ் நின்றாள். ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பன்றிகள். கமுனா வரிசையோரம் நடந்து, ஒவ்வொரு பன்றியின் முதுகிலும் கையை வைத்து, இது இன்னாருக்கு என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தான். பெயர் சொல்லி முடிக்கும்வரை எந்த முளையையும் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் பன்றியைத் திருப்பி அனுப்புவதாகப் பொருள். கல்யாணம் முறிந்தது, சமாதானமும் முறிந்தது. சிமாய்க்காரர்கள் ஈட்டியைத் தரையில் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கமுனாவுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டால் சுருக்கமாகவா பேசுவான்? தாத்தாவிலிருந்து ஆரம்பித்தான்.

அப்போது சத்தம் கேட்டது.

எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். டோர்காவின் இறகுகள் பின்னால் சாய்ந்தன.

"அவுத்து விடுங்க! அவுத்து விடுங்க!" என்று நான் கத்தினேன். "சத்தம் கேட்டா அவுக்கிறேன்னீங்களே!"

"பேரு சொல்லி முடியட்டும்" என்றான் கமுனா.

நான் ஓடிப்போய் முதல் முளையைப் பிடுங்கினேன். அடுத்ததையும் பிடுங்கினேன். சிமாய்க்காரர்கள் எழுந்துவிட்டார்கள், ஈட்டி கைக்கு வந்துவிட்டது. பின்னால் யாரோ ஓடி வருகிற காலடி கேட்டது. என் கணவர். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது என் ஆயுசில் அன்று ஒரு நாள்தான். உதவிக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கையையும் பின்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்டி, கொன்னுடுவாங்க, வேண்டாம்டி" என்று என் காதில் அழுதார். அவ்வளவு பலம் அந்தக் கைகளில் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

விமானம் தாழ்வாக வந்தது. பன்றிகள் முளையைச் சுற்றி வீறிட்டன. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் கீழே பார்ப்பது தெரிந்தது, லேவியா வேறு யாரோ. ஒரு வட்டம் அடித்தது. பாஸ்டர் சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டினார். இன்னொரு வட்டம் அடித்தது. பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கின் மேலே போயிற்று. சத்தம் கொஞ்ச நேரம் மலையில் சுற்றிக்கொண்டிருந்தது.

கமுனாவின் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தீங்களா?" என்று இரண்டு ஊருக்கும் பொதுவாகச் சொன்னான். "இலை வாங்கினவன் வருவான்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

டோர்கா அப்போது தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பிறகு நடந்து போய், நான் அவிழ்த்துவிட்ட பன்றிகளைக் கயிற்றோடு பிடித்து இழுத்துவந்தாள். முளையை அதே குழியில் வைத்து, ஒரு கல்லை எடுத்து அடித்தாள். அவள் தலை இறகு ஒன்று முறிந்து விழுந்தது.

"விடுங்கப்பா அம்மாவ" என்றாள். "எல்லாம் கட்டியாச்சு."

சிமாய்க்காரர்கள் ஈட்டியைப் படுக்க வைத்தார்கள். கமுனா விட்ட இடத்திலிருந்து பெயர் சொல்லத் தொடங்கினான். வரிசையிலேயே பெரிய பெட்டை, பெரிய காது, பெண்ணின் பெரியப்பனுக்கு என்று அவன் பங்கில் விழுந்தது. அதை ஓட்டிக்கொண்டுபோய் விமானப் பன்றிக்கென்று கட்டிய கொட்டிலில் அடைத்தான். தம்பி பொண்டாட்டியிடம் ஈடு வாங்கக் கூசிய மனிதன் அவன்.

டோர்கா சாயங்காலத்துக்குள் பாலத்தைத் தாண்டிவிட்டாள். போகிற வழியில் மருந்துக் குடிசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது எங்களுக்கு உப்பு வருகிறது, சிமாய் வழியாக. விமானம் வருவதில்லை. கமுனாவுக்கு மனைவி இல்லாததால் கொட்டிலில் இருக்கும் அந்தப் பெட்டைக்குத் தினம் கிழங்கு தோண்டிப் போடுகிறவள் நான்தான். அது இப்போது சினையாக இருக்கிறது.